தட்டு வெறுமையாகத் திரும்பக்கூடாது

(சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாக நடைபெற்ற கார்த்திகை மாதக் கூட்டத்தில், "குறைந்த செலவில் நத்தார் இனிப்புகள்" என்ற தலைப்பில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



செயலாளர் என்னை அழைத்து இந்தத் தலைப்பைச் சொன்னபோது ஆளை மாறி எடுத்துவிட்டார் என்றே நினைத்தேன். நான் நீரிழிவுக் கிளினிக்கில் வேலை செய்கிறவள். காலை எட்டு மணியிலிருந்து "சீனியைக் குறையுங்கோ, சீனியைக் குறையுங்கோ" என்று சொல்லிச் சொல்லியே என் தொண்டை காய்கிறது. "என்னிடமா இனிப்பைப் பற்றிக் கேட்கிறீர்கள்?" என்றேன். அதற்கு அவர், "இனிப்புச் செய்யத் தெரிந்தவர்கள் இங்கே நூறு பேர் இருக்கினம். எத்தனை சாப்பிடலாம் என்று சொல்லத்தான் ஆள் தேவை" என்றார். ஆகவே இரண்டையும் சொல்கிறேன். செய்முறை மூன்று, கணக்கு ஒன்று, சில எச்சரிக்கைகள், கடைசியில் உங்கள் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள்.

முதலில், இந்தத் தலைப்பு ஏன் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். போன வருடம் எங்கள் நத்தார்க் கூடலுக்கு என் வகுப்புத் தோழி ஒருத்தி வரவில்லை. பள்ளிக் காலத்தில் ஒளிவிழாவென்றால் மண்டபத்தை முதல் ஆளாகக் கூட்டிப் பெருக்குகிறவள் அவள். ஏன் வரவில்லை என்று கேட்டேன். முதலில் காய்ச்சல் என்றாள். பிறகு உண்மையைச் சொன்னாள். "வெளியிலிருந்து வருகிற நீங்கள் எல்லோரும் பை நிறையச் சொக்லேற் கொண்டுவந்து தருகிறீர்கள். நான் எத்தனை வருடம் வெறுங்கையோடு வந்து வாங்கிக்கொண்டு போறது?"

2022ஆம் ஆண்டில் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றதை இங்கே இருக்கும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வரிசைகள் இல்லாமல் போய்விட்டன. ஏறிய விலைகள் பழையபடி இறங்கவில்லை. ஒரு கேக் அடித்து ஊருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் முட்டையும் பட்டரும் கஜுவும் வாங்கியே ஒரு குடும்பத்தின் பணம் முடிந்துவிடும். ஆகவே பலர் ஒன்றுமே செய்யாமல் கதவைச் சாத்திக்கொண்டு நத்தாரைக் கழிக்கிறார்கள். தோழி சொன்னதைக் கேட்ட அன்று இரவு எனக்கு எங்கள் அம்மாவின் ஞாபகம் வந்தது.

1995இல் நான் சாதாரண தரம் படித்துக்கொண்டிருந்தேன். ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அந்த மழையையும் நாவற்குழிப் பாலத்தையும் நான் விபரிக்கத் தேவையில்லை. இந்த மண்டபத்தில் இருக்கும் பலர் என்னோடு நடந்தவர்கள். நாங்கள் கொடிகாமத்துக்குக் கிட்ட ஒரு வீட்டு விறாந்தையில் ஒதுங்கினோம். எங்களோடு வேறு இரண்டு குடும்பங்கள். வீட்டுக்கார அம்மா நல்ல மனுசி. கிணற்றில் அள்ளவிட்டார், விறகு தந்தார், விழுந்த தேங்காயை எடுக்கச் சொன்னார். எங்கள் அம்மா ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லிச் சொல்லியே களைத்துப்போனார். எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவரையும் கோப்பி கொடுக்காமல் அனுப்பியறியாத அம்மா, அந்த இரண்டு மாதத்தில் குரலைத் தாழ்த்திப் பேசப் பழகியிருந்தார்.

மார்கழி பிறந்ததும், நிவாரணத்தில் கிடைத்த சீனிப் பேணியை அம்மா மூடி வைத்துவிட்டார். தேத்தண்ணிக்கு உள்ளங்கையில் ஒரு சின்னப் பனங்கட்டித் துண்டுதான். கடித்துக் கடித்துக் குடிக்க வேண்டும். தம்பி அழுதான். அம்மா அசையவில்லை. 24ஆம் திகதி காலை கொடிகாமம் சந்தைக்குப் போய் ஒரு தேங்காய் வாங்கி வந்தார். முற்றம் முழுவதும் தேங்காய் கிடக்க ஏன் காசு கொடுத்து வாங்கினீர்கள் என்று நான் கேட்டேன். "அவையின்ர தேங்காயில செய்து அவைக்கே குடுக்கிறதோ?" என்று அம்மா கேட்டார்.

அந்த ஒரு தேங்காயிலும் சேர்த்த சீனியிலும் தேங்காய் ரொபி செய்தார். எங்களிடம் இருந்தது ஒரேயொரு எனாமல் தட்டு. அதில் அடுக்கி, வாழையிலையால் மூடி, இருந்த இரண்டு சேலையில் நல்லதை உடுத்துக்கொண்டு, பத்தடி தூரத்தில் இருந்த வீட்டு வாசலுக்கு முற்றத்தைச் சுற்றி நடந்து போனார். அவர்கள் சைவ ஆட்கள். நத்தார் என்றால் அவர்களுக்கும் தெரியும், எங்களுக்குப் பொங்கல் தெரிவதைப்போல.

பின்னேரம் அந்த வீட்டு மகள் தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தாள். எங்கள் ஊர் வழக்கப்படி தட்டு வெறுமையாக வரவில்லை. ஒரு பிடி பச்சையரிசியும் இரண்டு முருங்கைக்காயும் இருந்தன. பின்னாலேயே வீட்டுக்கார அம்மா வந்து விறாந்தையில் சப்பாணி கட்டி இருந்து, "பாகு முறியாமல் எப்படி எடுத்தனீங்கள்?" என்று கேட்டார். எங்கள் அம்மா பழைய குரலில் பதில் சொன்னதை அன்றுதான் திரும்பக் கேட்டேன். அதுவரைக்கும் அவர் எங்களுக்கு உதவி செய்கிறவர். அன்றிலிருந்து அயலவர்.

இதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன். வாங்கிக்கொண்டே இருப்பது மனிசருக்குப் பாரம். திருப்பிக் கொடுக்க ஒரு சின்னப் பொருள் கையில் இருந்தால் அந்தப் பாரம் இறங்கிவிடும். அது விலை குறைந்த பொருளாகவும், யாருடைய அடுப்பிலும் செய்யக்கூடியதாகவும் இருந்தால் எல்லோரும் கொடுக்கிறவர்களாக இருக்கலாம்.

இனிச் செய்முறைக்கு வருகிறேன். கொப்பி கொண்டுவந்தவர்கள் எழுதுங்கோ.

முதலாவது, எள்ளுருண்டை. பாகு காய்ச்சத் தேவையில்லை. ஆகவே பழக்கமில்லாதவர்கள் இதில் தொடங்குங்கள். எள்ளு 250 கிராம், பனங்கட்டி 150 கிராம், வறுத்த உழுத்தம்மா இரண்டு மேசைக்கரண்டி, உப்பு ஒரு கிள்ளு. எள்ளை அரித்துக் கல் மண் போக்கி, காயவிட்டு, மெல்லிய நெருப்பில் வறுக்க வேண்டும். படபடவென்று வெடித்து வாசம் வந்ததும் உடனே இறக்கிச் சுளகில் கொட்டுங்கள். சூடான தாச்சியில் விட்டுவைத்தால் கருகிக் கசக்கும். ஆறியதும் உரலில் இடியுங்கள். கிரைண்டர் என்றால் நிறுத்தி நிறுத்திச் சுற்றுங்கள். தொடர்ந்து சுற்றினால் எண்ணெய் பிரிந்து களியாகிவிடும். பாதி இடிபட்டதும் சீவிய பனங்கட்டி, உழுத்தம்மா, உப்பு சேர்த்து மறுபடி இடித்தால் எள்ளில் உள்ள எண்ணெயே எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். உருண்டை பிடிக்கத் தண்ணீர் விடாதீர்கள். தண்ணீர் பட்டால் நாலு நாளில் பூஞ்சணம் பிடிக்கும். சின்ன எலுமிச்சங்காய் அளவிலும் சிறிதாகப் பிடித்தால் 30 உருண்டைகள் வரும். காற்றுப் புகாத பேணியில் மூன்று கிழமை இருக்கும். திருவருகைக் காலத்திலேயே செய்து வைக்கலாம்.

இரண்டாவது, எங்கள் அம்மா செய்த தேங்காய் ரொபி. ஒரு பெரிய தேங்காயின் பூ, சீனி 400 கிராம், பால் அரைக் கோப்பை, ஏலக்காய் நாலு, உப்பு ஒரு கிள்ளு. திருவும்போது வெள்ளையை மட்டும் எடுங்கள். சிரட்டைப் பக்கத்துக் கறுப்பு விழுந்தால் ரொபி மங்கலாக இருக்கும். மிச்சத்தைச் சம்பலுக்கு வைத்துக்கொள்ளலாம். பாலையும் சீனியையும் மெல்லிய நெருப்பில் வைத்துச் சீனி முழுவதும் கரையும்வரை கிண்டுங்கள். அவசரப்பட்டால் கரையாத சீனி கடைசியில் மணல்போலப் பல்லில் கடிபடும். பிறகு தேங்காய்ப்பூவைப் போட்டுக் கைவிடாமல் கிண்டுங்கள். 15, 20 நிமிடத்தில் கலவை தாச்சியில் ஒட்டாமல் திரண்டு வரும். தாச்சி ஓரத்தில் வெள்ளைப் பொருக்குக் கட்டத் தொடங்கும். அதுதான் பதம். அந்தப் பொருக்கைக் கண்டதும் இறக்குங்கள். இதை எனக்குச் சொல்லித் தந்தவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இறக்கி, ஏலக்காய்த் தூளையும் உப்பையும் போட்டு ஒரு நிமிடம் நன்றாக அடித்து, பட்டர் பூசிய தட்டில் கொட்டி, வாட்டிய வாழையிலையால் அமத்திச் சமப்படுத்துங்கள். இளஞ்சூட்டில் ஐந்துக்கு ஆறாக வெட்டினால் 30 துண்டுகள். ஆறிய பிறகு வெட்டினால் உதிரும்.

பிழைத்துப்போனால் எறியவேண்டாம். இறுகாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் திரும்ப அடுப்பில் வைத்துச் சில நிமிடம் கிண்டுங்கள். பதம் தப்பி மாவாக உதிர்ந்தால் இரண்டு மேசைக்கரண்டி பால் தெளித்துச் சூடாக்கித் திரும்பக் கொட்டுங்கள். ரோசாப்பூ நிறம் வேண்டுமென்றால் பாதியை எடுத்து ஒரு தேக்கரண்டி பீற்றூட் சாறு விடுங்கள். கடையில் பெயர் இல்லாத பொட்டலத்தில் விற்கும் நிறத்தூளை வாங்காதீர்கள். தேங்காயில் ஈரமும் எண்ணெயும் இருப்பதால் இந்த ரொபி ஒரு கிழமைக்கு மேல் வைத்தால் காறல் வாசம் வரும். ஆகவே 21, 22ஆம் திகதிகளில் செய்வது நல்லது.

மூன்றாவது, வெளிநாட்டுச் சகோதரிகளுக்காகப் பால் ரொபி. இங்கே ரின்பால் விலை கூடிய சாமான். அங்கே தேங்காயை விட அதுதான் சுலபமாகக் கிடைக்கும். ரின்பால் ஒரு ரின், சீனி 500 கிராம், தண்ணீர் கால் கோப்பை, பட்டர் 50 கிராம், கஜு இருந்தால் ஒரு பிடி. அடிப்பாரமான சட்டியில் சீனியையும் தண்ணீரையும் கரையவிட்டு, ரின்பாலைச் சேர்த்து, அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருங்கள். நிறம் மாறிக் கெட்டியாகி வரும்போது ஒரு துளியைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டுப் பாருங்கள். விரலால் உருட்ட மெதுவான உருண்டையாக வந்தால் பட்டரையும் கஜுவையும் போட்டு இறக்கலாம். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு அது 115 பாகை செல்சியஸ் அளவு. இதில் 50 துண்டுகள் வெட்டலாம். இரண்டு கிழமை இருக்கும்.

இனிக் கணக்கு. எள்ளுருண்டை 30, தேங்காய் ரொபி 30. மூன்று உருண்டை, மூன்று ரொபியாகக் கட்டினால் பத்து வீட்டுக்குப் பொதி தயார். அதற்குப் போனது ஒரு தேங்காய், 400 கிராம் சீனி, 250 கிராம் எள்ளு, 150 கிராம் பனங்கட்டி, அரைக் கோப்பை பால், இன்னும் சில்லறைச் சாமான். இன்றைய சந்தை விலையைப் போட்டு நீங்களே கூட்டிப் பத்தால் பிரியுங்கள். பிறகு, கடையில் ஒரு பெட்டி சொக்லேற்றின் விலையைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

பொதி செய்யப் பளபளப்புத் தாளும் ரிபனும் வாங்கினால் இனிப்பை விடப் பெட்டிக்குச் செலவாகும். பனங்கட்டி வருகிற பனையோலைக் குட்டான் எங்களிடம் இருக்கிறதே. அதைவிட வடிவான பெட்டி எந்த நாட்டில் கிடைக்கும்? இல்லையென்றால் பழைய பிஸ்கற் ரின், கழுவிக் காயவைத்த ஜாம் போத்தல். 90களில் மண்ணெண்ணெய் விளக்காக வெளிச்சம் தந்த அதே ஜாம் போத்தல்தான்! உள்ளே எண்ணெய்த்தாள் போடுங்கள். பத்திரிகைத் தாளில் நேராகச் சுற்றவேண்டாம், மை ஒட்டும். ஸ்ரேப்ளர் ஊசி அடிக்கவே வேண்டாம், நூலால் கட்டுங்கள். ஊசி பலகாரத்துக்குள் விழுந்தால் என்ன நடக்கும் என்பதை ஒரு வைத்தியராகச் சொல்லத் தேவையில்லை.

எச்சரிக்கை என்று சொன்னேனே, அதில் முக்கியமானது சூட்டுக்காயம். தண்ணீர் 100 பாகையில் கொதிக்கிறது. பாகு அதைவிடக் கூடிய சூட்டில் நிற்கும். தண்ணீர் பட்டால் வழிந்து ஓடிவிடும்; பாகு தோலில் ஒட்டிக்கொண்டே சுடும். ஆகவே பாகு அடுப்பில் இருக்கும்போது சின்னப் பிள்ளைகளைக் குசினிக்குள் விடாதீர்கள். பதம் பார்க்கத் தண்ணீரில் துளி விடுங்கள், விரலைப் பாகில் வைக்காதீர்கள். தப்பித்தவறிச் சுட்டுவிட்டால் காப்பு, மோதிரத்தை உடனே கழற்றி, ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம். பற்பசை, பட்டர், கோதுமை மா, ஐஸ் ஒன்றும் வேண்டாம். பற்பசை பூசிய புண்ணைக் கழுவியெடுக்க நாங்கள் படும் பாட்டை விட, அதைக் கழுவும்போது பிள்ளை படும் பாடு பெரிது. காயம் முகத்திலோ கையிலோ இருந்தாலும், உள்ளங்கை அளவைவிடப் பெரிதென்றாலும், பட்டது சின்னப் பிள்ளைக்கென்றாலும், வைத்தியசாலைக்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்தது, பொதிக்குள் என்ன இருக்கிறதென்று ஒரு துண்டில் எழுதி வையுங்கள். எள்ளு, கச்சான், கஜு, பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். சிலருக்கு அது உயிராபத்து. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழுக் கச்சானும் முழுக் கஜுவும் கொடுக்கவேண்டாம், தொண்டையில் இறுகும். செய்த திகதியையும் எழுதுங்கள்.

இப்போது என்னுடைய கிளினிக் பேச்சு. பயப்படாதீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். உணவில் சேர்க்கப்படும் சீனி ஒரு நாளின் மொத்தச் சக்தியில் பத்து வீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும், ஐந்து வீதத்துக்குக் குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார தாபனம் 2015இல் சொன்னது. ஐந்து வீதம் என்பது வளர்ந்த ஒருவருக்கு ஏறத்தாழ 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. 400 கிராம் சீனியை 30 துண்டாக்கினால் ஒரு தேங்காய் ரொபியில் 13 கிராம், மூன்று தேக்கரண்டிக்குச் சற்று மேல். இரண்டு ரொபி சாப்பிட்டால் அன்றைய பங்கு முடிந்தது, தேத்தண்ணிக்கு மிச்சமில்லை. எள்ளுருண்டையில் பனங்கட்டி ஐந்து கிராம்தான். ஆகவே எதைக் கூடச் செய்வதென்று உங்களுக்கே தெரியும்.

ஒரு பிழையான நம்பிக்கையையும் திருத்திவிடுகிறேன். "பனங்கட்டி சலரோகத்துக்குச் செய்யாது" என்று பலர் நம்புகிறார்கள். பனங்கட்டியில் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்குரோசுதான். வாசமும் கொஞ்சம் கனியுப்பும் கூட இருக்கிறது, அவ்வளவுதான். நீரிழிவு உள்ளவர் நத்தாருக்கு ஒன்று சாப்பிடட்டும். சாப்பாட்டோடு, சோற்றைக் கொஞ்சம் குறைத்து, ஒன்று. நீரிழிவுக்காரர் இருக்கும் வீட்டுக்கு ஒரு குட்டான் கச்சானோ நல்ல கொய்யாப்பழமோ சேர்த்துக் கொடுங்கள். கொடுப்பதை நிறுத்தவேண்டாம்.

கொடுப்பதைப் பற்றி இவ்வளவு சொன்ன நான் ஒரு முறை பெரிய பிழை விட்டேன். அதைச் சொல்லாமல் போவது நேர்மையில்லை.

பல வருடங்களுக்கு முன்பு, நான் வேலை செய்த ஒரு கிளினிக்குக்கு வயதான அம்மா ஒருவர் வருவார். காலில் ஆறாத புண். இரண்டு பஸ் மாறி வருவார். மருந்து கட்டி, மருந்து கொடுத்து, ஒவ்வொரு முறையும் பேசியும் அனுப்புவேன். ஒரு மார்கழி மாதம் சேலைத் தலைப்புக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். தேங்காய் ரொபி. அறை நிறைய ஆட்கள். எனக்கு அன்று நேரமில்லை, களைப்பு. "அம்மா, உங்களுக்குச் சீனி முந்நூறு. இதோடு உங்களுக்கு என்ன வேலை?" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். "எனக்கில்லைப் பிள்ளை, உங்களுக்குத்தான்" என்றார். "நாங்கள் ஒன்றும் வாங்கக்கூடாது, கொண்டுபோங்கோ" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பொட்டலத்தை எடுத்துத் திரும்பத் தலைப்பில் முடிந்துகொண்டார். அந்த முடிச்சுப் போட அவருக்கு வெகுநேரம் எடுத்தது. அடுத்த நோயாளியின் கொப்பியைப் பார்ப்பதுபோல நான் குனிந்துகொண்டேன்.

அடுத்த கிளினிக்குக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. மூன்றாம் மாதம் வந்தபோது புண் பெருத்திருந்தது. ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டென்று நான் சொல்லமாட்டேன். பஸ் காசு இல்லாமல் இருந்திருக்கலாம், மழையாக இருந்திருக்கலாம். நான் அவரிடம் கேட்கவில்லை. ஆனால் எனக்கு எங்கள் அம்மாவின் எனாமல் தட்டு ஞாபகம் வந்தது. அன்று கொடிகாமத்தில் அந்த வீட்டுக்கார அம்மா, "எங்களுக்கு வேண்டாம், உங்கட பிள்ளைகளுக்குக் குடுங்கோ" என்று நல்லதாகத்தான் நினைத்துத் திருப்பி அனுப்பியிருந்தால், எங்கள் அம்மா என்னவாகியிருப்பார்?

அவர் வாட்டில் இருந்த நாட்களில் ஒரு பின்னேரம் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் இருந்து, "அம்மா, அந்தத் தேங்காய் ரொபி எப்படிச் செய்யிறது? என்ர அம்மா செய்வா, நான் பழகாமல் விட்டுட்டன்" என்று கேட்டேன். என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். "தாச்சி ஓரத்தில வெள்ளைப் பொருக்குக் கட்டும் பிள்ளை. அதைக் கண்டால் பிறகு யோசிக்கப்படாது, இறக்கிப்போடவேணும்." நான் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். சற்று முன் நீங்கள் எழுதிக்கொண்டது அதைத்தான். அடுத்த நத்தாருக்கு ஒரு துண்டு கொண்டுவந்தார். ஒரேயொரு துண்டு, எண்ணெய்த்தாளில் சுற்றி. அவருக்கு முன்னாலேயே சாப்பிட்டேன்.

இப்போது என் வேண்டுகோள். எங்கள் சங்கம் நூறு வருடமாகக் கொடுத்து வருகிறது. விடுதிப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு நத்தாருக்கும் வெளிநாட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் பொதிகள் வருகின்றன. மிக நல்ல காரியம், நிற்கவே கூடாது. ஆனால் அந்தப் பிள்ளைகள் வரிசையில் வந்து, பொதியை வாங்கி, நன்றி சொல்லி, படத்துக்கு நின்றுவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன். அதில் சில முகங்கள் எனக்கு 1995ஐ நினைவூட்டும்.

இந்த நூற்றாண்டு வருடத்திலிருந்து அவர்களுக்கும் கொடுக்க வழி செய்வோம். பொதியோடு ஒரு பகுதியைத் தேங்காயாகவும் எள்ளாகவும் சீனியாகவும் விடுதிக்குக் கொடுப்போம். மனையியல் அறையில் அவர்களே செய்யட்டும். காவல்காரருக்கும், விடுதிச் சமையலறை அக்காமாருக்கும், பக்கத்து முதியோர் இல்லத்துக்கும், எங்களுக்கும் அவர்கள் கையால் தரட்டும். நாங்கள் வாங்கிக்கொண்டு நன்றி சொல்வோம். "ஐயோ, பிள்ளைகளிடம் எப்படி வாங்கிறது" என்று யாரும் சொல்லக்கூடாது. தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் எங்கள் ஊர் வழக்கத்தை மறக்காதீர்கள்.

வெளிநாட்டுச் சகோதரிகளே, ஊருக்கு வரும்போது சொக்லேற் கொண்டுவாருங்கள், நாங்கள் வேண்டாமென்று சொல்லமாட்டோம். ஆனால் இங்கே ஒருத்தி பழைய பிஸ்கற் ரின்னில் நாலு எள்ளுருண்டை போட்டுத் தந்தால், "பாரம் கூடிவிடும், பிளேனில் விடமாட்டார்கள்" என்று சொல்லி வைத்துவிட்டுப் போகாதீர்கள். அங்கேயே இருந்து ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைக் கொண்டுபோங்கள்.

என் வகுப்புத் தோழிக்கு இந்தச் செய்முறையைப் போன மாதம் அனுப்பினேன். அவள் உடனே திருத்தம் அனுப்பினாள்: எள்ளுருண்டைக்கு வேர்க்கொம்பு கொஞ்சம் போடவேணுமாம். இன்று கடைசி வரிசையில் இருக்கிறாள். மடியில் ஒரு பையும் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் ஒருவரும் ஓடிப்போகாதீர்கள்.

வருகிற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மனையியல் அறையில் சந்திப்போம். ஒரு தேங்காய், உங்கள் வீட்டுத் திருவலை, மூடியுள்ள ஒரு பழைய ரின் கொண்டுவாருங்கள். திருவலை அங்கே மூன்றுதான் இருக்கிறது. அதில் ஒன்று நாங்கள் படித்த காலத்திலேயே மழுங்கியிருந்தது.